பிள்ளையை நெஞ்சோடு கட்டிச் சுமக்க: எந்தத் துணி, எப்படிக் கட்டுவது?



குழந்தை பிறந்த 45-ஆம் நாள் தடுப்பூசிக்காக ஆரம்ப சுகாதார நிலையம் போக வேண்டும். பிறகு 75-ஆம் நாள், 105-ஆம் நாள். பஸ் நிற்கும் இடம் வரை நடை. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் பை, முந்தானையைப் பிடித்துக்கொண்டு மூத்த பிள்ளை. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை ஏது?

இதற்காகவே கடைகளில் பெல்ட் வைத்த பிள்ளைப் பைகள் விற்கிறார்கள். செல்போன் விளம்பரத்திலும் வருகின்றன. விலை சில நூறு ரூபாய் முதல் பல ஆயிரம் வரை. "இத வாங்கினாத்தான் பிள்ளைக்குப் பத்திரமோ?" என்று நினைத்துக் கடன் வாங்க வேண்டாம். ஒரு நல்ல பருத்திச் சேலையே இந்த வேலையைச் செய்யும். ஆனால் கட்டும் முறை தெரிந்திருக்க வேண்டும். முறை தப்பினால் விலை உயர்ந்த பையிலும் பிள்ளைக்கு மூச்சு முட்டும். அதைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஆபத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

பச்சைக் குழந்தைக்குத் தலை கனம். கழுத்தில் பலம் இல்லை. மூச்சுக்குழலோ மெல்லியது, எளிதில் மடங்கும். துணி தொளதொளவென்று தொங்கினால் பிள்ளை உள்ளே சுருண்டுவிடும். தாடை நெஞ்சில் அழுந்தும். மூச்சுப் பாதை அடைபடும். மூக்கும் வாயும் துணியிலோ நம் உடம்பிலோ புதைந்தாலும் இதே கதிதான். அந்த நிலையில் பிள்ளையால் அழக்கூட முடியாது. சத்தமே வராது. "நல்லாத் தூங்குது" என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

2010 மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், தோளில் தொங்கவிடும் பிள்ளைத் துணிகள் பற்றி ஓர் எச்சரிக்கை விடுத்தது. அதற்கு முந்தைய 20 ஆண்டுகளில் 14 குழந்தைகள் இறந்ததாகவும், அவர்களில் 12 பேர் நாலு மாதம் நிறையாதவர்கள் என்றும் அது தெரிவித்தது. எனவே முதல் நாலு மாதம் இரட்டிப்புக் கவனம் தேவை.

துணியைத் தேர்ந்தெடுப்பது

1. பருத்தியாக இருக்கட்டும். நைலான், பாலியஸ்டர் சேலையில் முடிச்சு வழுக்கும், காற்றும் புகாது, வியர்த்துக் கொட்டும்.

2. நீளம் வேண்டும். நாலு முழ வேட்டியும் துண்டும் இந்தக் கட்டுக்குப் போதாது. ஐந்தரை மீட்டர் சேலை சரியாக இருக்கும்.

3. சேலையின் அகலம் சுமார் 45 அங்குலம். நீளவாக்கில் இரண்டாக வெட்டினால் சுமார் 22 அங்குல அகலத்தில் இரண்டு துணி கிடைக்கும். வெட்டிய ஓரத்தைத் தையற்காரரிடம் மடித்துத் தைத்துக்கொள்ளுங்கள். ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அப்பாவுக்கு!

4. நைந்த துணி ஆகாது. தூளி கட்ட மெத்தென்ற பழஞ்சேலையைத் தேடுவது வழக்கம். சுமந்துகொண்டு நடக்க அது உதவாது. வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல் விலகிய இடம் தெரியும். ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுங்கள். 'சர்ர்' என்று நூல் விடும் சத்தம் கேட்டால் ஒதுக்கிவிடுங்கள்.

5. ஜரிகை, கல், மணி வைத்த துணி பிள்ளையின் தோலைக் கீறும். புதுத் துணியானால் கஞ்சி போக இரண்டு முறை அலசிக் காயவைத்துப் பயன்படுத்துங்கள்.

கட்டும் முறை

முதலில் மூன்று கிலோ அரிசிப் பையை வைத்துப் பழகுங்கள். கை பழகிய பிறகு பிள்ளை. அப்போதும் முதல் சில நாள் பாயிலோ கட்டிலிலோ உட்கார்ந்து கட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

துணியின் நடுப்பகுதியை உங்கள் நெஞ்சில் விரித்து வையுங்கள். இரண்டு முனைகளையும் அக்குளுக்கு அடியில் முதுகுப்பக்கம் கொண்டுபோங்கள். முதுகில் குறுக்காக மாற்றி, எதிர்த் தோள் வழியாக முன்னால் கொண்டுவாருங்கள். நெஞ்சில் கிடக்கும் துணிக்கு உட்புறமாக இரண்டு முனைகளையும் கீழே இறக்குங்கள். இப்போது நெஞ்சில் ஒரு பை மாதிரி இருக்கும்.

பிள்ளையின் வயிறு உங்கள் நெஞ்சில் படும்படி நிமிர்த்திப் பையில் இறக்குங்கள். பிட்டம் தாழ்ந்து, முழங்கால்கள் அதற்கு மேலே உயர்ந்து, தவளை உட்காருவது போல இருக்க வேண்டும். துணி ஒரு முழங்கால் மடிப்பிலிருந்து மறு முழங்கால் மடிப்பு வரை பரவட்டும். மேலே பிடரி வரை வரட்டும். கால்கள் நேராகத் தொங்கினாலும், இரண்டையும் சேர்த்து இறுக்கினாலும் இடுப்பு மூட்டுக்கு நல்லதல்ல.

ஒரு கை பிள்ளையின் முதுகை விடாமல் பிடித்திருக்க, மறு கையால் துணியை மடிப்பு மடிப்பாக இழுத்து இறுக்குங்கள். முனைகளைப் பிட்டத்துக்குக் கீழே குறுக்காக மாற்றி, கால்களுக்கு அடியில் பின்னால் கொண்டுபோய் இரட்டை முடிச்சுப் போடுங்கள். முடிந்தபின், பிள்ளையைக் கையால் தாங்கியபடி லேசாக முன்னால் சாய்ந்து பாருங்கள். பிள்ளை நெஞ்சை விட்டு விலகினால் கட்டு தளர்வு. அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

ஐந்து விரல் சோதனை

கட்டி முடித்ததும் விரல் விட்டு எண்ணுங்கள். வழியிலும் அடிக்கடி பாருங்கள்.

கட்டை விரல்: கட்டு இறுக்கமா? பிள்ளை கீழே சரியவில்லையே?

ஆள்காட்டி விரல்: முகம் கண்ணுக்குத் தெரிகிறதா? முந்தானையோ துண்டோ முகத்தை மூடக் கூடாது.

நடுவிரல்: குனிந்தால் உச்சியில் முத்தம் கொடுக்க எட்டுகிறதா? எட்டாவிட்டால் பிள்ளை மிகவும் கீழே இருக்கிறது.

மோதிர விரல்: தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவே இடைவெளி இருக்கிறதா? ஒரு விரலாவது நுழைய வேண்டும்.

சுண்டு விரல்: முதுகு தாங்கலாக இருக்கிறதா? மூட்டை போலச் சுருளக் கூடாது.

ஐந்தில் ஒன்று தவறினாலும் கட்டு சரியில்லை என்று அறிக.

கட்டக் கூடாத நேரங்கள்

அடுப்படியில் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கிணற்றில் நீர் இறைப்பது, நாற்று நடுவது, அரிவாள் பிடிப்பது, மருந்து தெளிப்பது, ஏணி ஏறுவது எதற்கும் கட்டு ஆகாது. கீழே கிடப்பதை எடுக்கக் குனியாமல், முழங்காலை மடக்கி உட்கார்ந்து எடுங்கள். கட்டிக்கொண்டே படுக்காதீர்கள். கட்டிலேயே பால் கொடுத்தால் நடக்காமல் உட்கார்ந்து, முகத்தைப் பார்த்தபடி கொடுங்கள். குடித்ததும் பிள்ளையை நிமிர்த்திவிடுங்கள்.

உச்சி வெயிலில் கட்டிக்கொண்டு போகாதீர்கள். பிடரியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக, வியர்வையாக இருந்தால் நிழலில் அவிழ்த்துவிடுங்கள்.

மோட்டார் சைக்கிளில் இந்தக் கட்டு எந்தப் பாதுகாப்பும் தராது. வண்டி சரிந்தால் பிள்ளை நம் உடம்புக்கு அடியில்தான் சிக்கும். 2022-இல் திருத்தப்பட்ட மத்திய மோட்டார் வாகன விதிப்படி, 9 மாதம் முதல் 4 வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும் அதற்கென்றே உள்ள பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. கைக்குழந்தையை பஸ்ஸிலோ ஆட்டோவிலோ கொண்டுபோங்கள்.

தம்பதிகள் கேட்கும் கேள்விகள்

மனைவி: நர்ஸம்மா, எப்பவும் தூக்கி வச்சா கைச்சூடு பழகிடும்னு எங்க அத்தை சொல்றாங்களே?

செவிலியர்: கைச்சூடு பிள்ளைக்கு வேணும்மா. 1986-ல கனடா தேசத்து மாண்ட்ரியல் ஊர்ல சோதிச்சுப் பார்த்தாங்க. பிள்ளைங்களைத் தினமும் கூடுதலா மூணு மணி நேரம் சுமக்கச் சொன்னாங்க. ஆறு வார வயசுல அந்தப் பிள்ளைங்க அழுகை மத்தவங்களைவிட 43 சதவீதம் குறைஞ்சிருந்தது. அத்தைகிட்ட பக்குவமாச் சொல்லு.

கணவர்: நான் கட்டிக்கிட்டு நடந்தா ஊர் சிரிக்காதா?

செவிலியர்: நாலு நாள் சிரிக்கும் தம்பி, அஞ்சாவது நாள் பழகிடும். இவளுக்கு ஆபரேஷன் பண்ணி எடுத்த பிள்ளை. தையல் ஆறி, டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் இவ வயித்துமேல பாரம் விழக் கூடாது. அது வரைக்கும் நீதான் சுமக்கணும். அப்பா நெஞ்சுச் சூடும் பிள்ளைக்குச் சூடுதான்.

மனைவி: பக்கத்து வீட்டுப் பிள்ளை ரெண்டு கிலோதான் இருக்கு. அதையும் இப்படிக் கட்டலாமா?

செவிலியர்: ரெண்டரை கிலோவுக்குக் குறைஞ்ச பிள்ளை, மாசம் நிறையாம பிறந்த பிள்ளை, இவங்களுக்குக் கங்காரு முறைன்னு தனியா இருக்கு. சட்டை போடாம, பிள்ளைத் தோலும் பெத்தவங்க தோலும் ஒட்டுற மாதிரி நெஞ்சுல வச்சுக் கட்டறது. தென் அமெரிக்காவுல கொலம்பியா நாட்டுல, பொகோட்டா ஆஸ்பத்திரியில 1970-கள் கடைசியில தொடங்கினது. பிறந்ததும் எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஆரம்பிச்சு, நாளைக்கு 8 மணி நேரத்துக்குக் குறையாம வைக்கணும்னு 2022-ல உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கு. நாங்க காட்டித் தர்ற மாதிரிதான் அதைச் செய்யணும். அவங்களை என்கிட்ட வரச் சொல்லு.

கணவர்: முதுகுல எப்பக் கட்டலாம்?

செவிலியர்: பிள்ளை தானா உட்கார்ற வரைக்கும் வேண்டாம் தம்பி. முதுகுல இருந்தா முகம் நமக்குத் தெரியாது. இடுப்புல வைக்கறதுக்கும் கழுத்து நின்னிருக்கணும்.

கடையில்தான் வாங்குவதென்றால்

உட்காரும் பகுதி அகலமாக, இரு தொடைகளையும் தாங்க வேண்டும்; குறுகலான பட்டையில் கால் தொங்கும் பை வேண்டாம். எத்தனை கிலோ தாங்கும் என்று எழுதியிருக்கிறதா, பாருங்கள். கொக்கியைப் பத்து முறை மாட்டிக் கழற்றுங்கள். தையலை இழுத்துப் பாருங்கள். தெரிந்தவர் வீட்டுப் பழைய பையானால் இந்தச் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். வெளியே பார்த்தபடி உட்காரவைக்கும் பை கழுத்து நிற்காத பிள்ளைக்கு ஆகாது.

உடனே அவிழ்க்க வேண்டிய அறிகுறிகள்

உதடு நீலம் பாய்தல், முனகல், மூச்சு விடும்போது விலா உள்ளிழுத்தல், கை கால் துவண்டு கிடத்தல், எழுப்பியும் பால் குடிக்காமை. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் பிள்ளையை வெளியே எடுத்து, 108-க்குப் போன் செய்யுங்கள்.

பாடத்தை நினைவுபடுத்துங்கள்

1. தூளிக்கு ஆகும் பழஞ்சேலை, சுமக்க ஏன் ஆகாது?
2. முழங்கால் மேலேயா, பிட்டம் மேலேயா?
3. ஐந்து விரல் சோதனையைக் கணவரும் மனைவியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்காட்டுங்கள்.

ஐயம் இருந்தால், கட்டுத்துணியைக் கையோடு எடுத்துக்கொண்டு துணை சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். உங்கள் கிராம சுகாதாரச் செவிலியர் கட்டிக்காட்டுவார்.

விலை பார்த்து வாங்காதீர். மூச்சுப் பார்த்துக் கட்டுவீர்!