அபராதம் அரசுக்கு, நஷ்டஈடு யாருக்கு?

கேள்வி: என் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து ஆதார், பான், மருத்துவ விவரங்கள் எல்லாம் கசிந்துவிட்டனவாம். நான் என்ன செய்வது? வழக்குப் போடலாமா?
– வாசகி, திருச்சி

பதில்: பாஸ்வேர்டை மாற்றலாம், பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை மாற்ற முடியாது. இனி உங்கள் பாலிசி எண்ணைச் சரியாகச் சொல்லிக்கொண்டே யாராவது போன் செய்யக்கூடும். விவரம் சரி என்பதற்காக ஆளை நம்பிவிடாதீர்கள். ஓடிபி கேட்டால் வைத்துவிடுங்கள்.

எம்ஆதார் செயலியில் பயோமெட்ரிக்கை இன்றே பூட்டுங்கள். சிபில் அறிக்கை ஆண்டுக்கு ஒருமுறை இலவசம். வாங்காத கடன் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழையுங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார்.

வழக்குக்கு வருவோம். 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை உண்டு. அது போவது அரசு கஜானாவுக்கு. உங்களுக்கு ஒரு பைசா வராது. தெரியாமல் இப்படி எழுதியிருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை! நஷ்டஈட்டுக்கு வழி தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவு. புதுச் சட்டம் முழுதாக அமலாகும்போது அந்தப் பிரிவு நீக்கப்பட்டுவிடும், ஆகவே தள்ளிப்போடாதீர்கள். 5 கோடி வரையிலான கோரிக்கையை மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரே விசாரிப்பார். ஃபிஷிங்கில் பணம் இழந்த ஒருவருக்கு வங்கி 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2010-ல் தமிழகச் செயலாளரின் விசாரணையில்தான் உத்தரவு வந்தது.

ஆனால் அவரால் இழப்பைக் காட்ட முடிந்தது. கசிவு மட்டும் போதாது. நிறுவனத்தின் அலட்சியத்தையும் உங்கள் நஷ்டத்தையும் நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். நிறுவனத்துக்கு மெயில் அனுப்பி எழுத்தில் பதில் வாங்குங்கள், குறுஞ்செய்திகளை அழிக்காதீர்கள்.