லொறி வேலைக்கும் படிப்பு உண்டு

"லொறியில சாமான் ஏத்தி எறக்கிறதுக்கும் ஒரு படிப்பா?" என்று நம்மில் பலர் கேட்பதுண்டு. உண்டு. லொஜிஸ்டிக்ஸ் என்பார்கள். பொருளைக் கெடாமல், நேரத்துக்கு, வீண்செலவில்லாமல் உரிய இடத்தில் சேர்க்கும் தொழில் அது. நம் தேயிலை பெக்டரியிலிருந்து கொழும்பு ஏலத்துக்குப் போவதும் இப்படித்தான்.

மட்டக்களப்பைப் பாருங்கள். வாவிக்கு மேற்கே படுவான்கரை, நெல் விளையும் பூமி. பட்டினங்களும் கல்முனை வீதியும் கிழக்கே எழுவான்கரையில். மண்முனையில் 2014இல் பாலம் திறக்கும்வரை அத்துறையைக் கடக்கப் 'பாதை'தான். அங்கே பாதை என்றால் ரோட்டு அல்ல, மிதக்கும் தட்டுப்படகு! பாதை பிந்தினால் மூட்டையும் பிந்தும், மழை வந்தால் நெல் நனையும். வாவி இறாலுக்கோ ஐஸ் கரையுமுன் லொறி புறப்பட வேண்டும். இந்தக் கணக்கைப் போடுகிறவருக்கு மாதச் சம்பளம், மூட்டை தூக்குகிறவருக்கு நாட்கூலி. இரண்டுக்கும் இடையில் நிற்பது பெரும்பாலும் ஒரு சான்றிதழ்தான்.

அதை எங்கே பெறலாம்? தொழிற்பயிற்சி அதிகார சபையிலும் நைட்டாவிலும் கேளுங்கள். மட்டக்களப்பில் தொழில்நுட்பக் கல்லூரியும் இருக்கிறது. களஞ்சியப் பொறுப்பாளர், போர்க்லிப்ட் சாரதி போன்ற பயிற்சி எந்த நிலையத்தில் எப்போது தொடங்குகிறது என்று விசாரியுங்கள். தேசிய தொழில் தகைமை (என்.வீ.கியூ.) 7 மட்டங்கள் கொண்டது. 4 வரை சான்றிதழ், 5, 6 டிப்ளோமா, 7 பட்டம்.

நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது இது. ஏற்கெனவே ஸ்டோரில் பல வருடம் வேலை செய்தவர் மீண்டும் வகுப்புக்குப் போகத் தேவையில்லை. அனுபவத்தைக் காட்டி, மதிப்பீட்டுக்குத் தோற்றி, என்.வீ.கியூ. பெறும் வழி இருக்கிறது. "எனக்கு எழுத்து வராதே" என்று ஒதுங்காதீர்கள். வேலையைச் செய்து காட்டுவதும் அதில் அடங்கும்.

உயர்தரம் எழுதும் பிள்ளைகளுக்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் போக்குவரத்து, லொஜிஸ்டிக்ஸ் பட்டப்படிப்பு உண்டு. அங்கே பாடம் ஆங்கிலத்தில். ஆகையால் ஆங்கிலத்தை இப்போதே பிடிக்கட்டும். எந்தப் பாடங்கள் வேண்டும் என்பதை மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் பார்க்கவும்.

"ஒரு மாசத்துல சேட்டிபிகேட், அடுத்த மாசம் டுபாய்" என்று காசு கேட்பவர்களும் வருவார்கள். அந்த நிலையம் மூன்றாம்நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிவானதா என்று முதலில் கேளுங்கள். பதிவிலக்கம் காட்டாவிட்டால் காசைக் கொடுக்காதீர்கள்.

வேலை மாறுகிறவர்கள், எத்தனை வருடம் என்ன வேலை செய்தீர்கள் என்ற கடிதத்தைத் துரையிடமோ முதலாளியிடமோ வாங்கிக்கொண்டே புறப்படுங்கள். மதிப்பீட்டுக்கு அதுதான் உதவும்.