தலைச்சுற்றும் தள்ளாட்டமும்: இயன்மருத்துவர் படிக்கும் பாடம், நாம் படிக்க வேண்டிய பாடம்

இம்முறை நமது சுகாதாரப் பாடத்தில் தலைச்சுற்றைப் பற்றிப் பார்ப்போம். தோட்டத்தில் ஒருவர் "தலை சுத்துது" என்றால், "வெறும் சோர்வுதான், ஒரு பிளேன்டீ குடி" என்பார் ஒருவர். "ரத்தம் குறைஞ்சு போச்சு" என்பார் மற்றவர். மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்பவர்களும் உண்டு. ரத்தக்குறைவு உண்மையிலேயே ஒரு காரணம்தான். ஆனால் எல்லாத் தலைச்சுற்றும் அதனால் வருவதில்லை. சரிவான மலையில், முதுகில் கூடையோடு நிற்கும் தாய்க்குத் தலை சுற்றினால் அன்றைய பேர் மட்டும் போவதில்லை. விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் குடும்பமே தடுமாறிப் போகும். ஆகவே இதை லேசாக எடுக்கக் கூடாது.

நம்மை நிமிர்த்தி வைப்பவை மூன்று

நாம் விழாமல் நிற்பதற்கு மூன்று உறுப்புகள் ஒன்று சேர்ந்து மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. ஒன்று கண். இரண்டாவது கால் பாதமும் மூட்டுகளும். மூன்றாவது காதின் உட்பகுதி. காது கேட்பதற்கு மட்டும் என்று நினைக்கிறோம். அதன் உள்ளே மூன்று வளையக் குழாய்கள் உள்ளன. அவற்றில் நிறைந்துள்ள நீர், தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை மூளைக்குச் சொல்கிறது.

மூன்றில் ஒன்று பழுதானால் மற்ற இரண்டும் கைகொடுக்கும். காதில் கோளாறு உள்ளவர் பகலில், கெட்டியான தரையில் சமாளித்து நடந்துவிடுவார். ஆனால் பனிமூட்டம் மூடிய காலையில், வழுக்கும் ஈர மண்ணில் கண்ணும் காலும் சரியாக உதவ முடியாது. அப்போதுதான் தள்ளாட்டம் வெளியே தெரியும்.

காதுக்குள் சிறு கற்கள்

வளையக் குழாய்களுக்குப் பக்கத்தில் ஒரு சிறு பை உள்ளது. அதில் கண்ணுக்குத் தெரியாத அளவு கல்சியத் துகள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். வயது போகும்போதோ, தலையில் அடிபட்டாலோ அவை கழன்று குழாய்க்குள் விழலாம். பிறகு படுக்கும்போது, புரளும்போது, அண்ணாந்து பார்க்கும்போது அந்தத் துகள் குழாயில் உருளும். உடனே லயமே சுழல்வது போலிருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நின்றுவிடும். 50 வயதைத் தாண்டியவர்களுக்கு, அதிலும் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. இதை நாம் காதுக்கல் தலைச்சுற்று என்று சொல்வோம்.

இதைக் கண்டுபிடித்தவர்கள்

வியன்னாவில் பிறந்த ரொபர்ட் பாரனி என்ற டொக்டர், காதைக் கழுவும் தண்ணீர் குளிராகவோ சூடாகவோ இருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுவதையும் கண்கள் துடிப்பதையும் கவனித்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1914ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுச் செய்தி வந்தபோது அவர் ரஷ்யாவில் போர்க்கைதியாக இருந்தார். தலை இருக்கும் நிலையால் வரும் சுற்றலைப் பற்றி 1921இல் அவர் விவரமாக எழுதினார். 1952இல் லண்டனில் மார்கரெட் டிக்ஸ், சார்ல்ஸ் ஹோல்பைக் என்ற இரு டொக்டர்கள் அதைச் சோதித்துப் பார்க்கும் முறையை விளக்கினார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், தலையில் காயப்பட்ட படைவீரர்களுக்காக இங்கிலாந்தின் கோதோர்ன், குக்ஸி என்ற டொக்டர்கள் தேகப்பயிற்சிகளை வகுத்தார்கள். தலை சுற்றுகிறது என்று படுத்தே கிடப்பவரைவிட, எழுந்து நடமாடுபவர் சீக்கிரம் தேறுகிறார் என்பதே அவர்கள் கண்டது. பிறகு அமெரிக்காவில் ஜோன் எப்லி என்ற டொக்டர், காதுக்கல்லை மறுபடி பைக்குள் உருட்டிவிடும் முறையை 1992இல் வெளியிட்டார். தலையைத் திருப்பியே நோயைத் தீர்க்கலாம் என்றதைப் பலர் முதலில் நம்பவில்லை. இன்று உலகமெங்கும் அதைச் செய்கிறார்கள்.

இயன்மருத்துவர் என்ன படிக்கிறார்?

பிசியோதெரபிஸ்ட் என்ற இயன்மருத்துவரை நாம் கை கால் முறிவுக்கும் பாரிசவாதத்துக்கும் மட்டுமே தேடுகிறோம். நமது நாட்டில் கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவப் பட்டப்படிப்பு உண்டு. தலைச்சுற்றைப் பரிசோதிப்பது அடிப்படைப் படிப்புக்கு மேலே தனியாகப் பழக வேண்டிய கைவேலை. அந்தப் பயிற்சி எப்படிப் போகும்?

முதல் பாடம், காது கொடுத்துக் கேட்பது. "சுத்துது" என்பது வேறு, "கண்ணு இருட்டுது" என்பது வேறு, "கால் தள்ளாடுது" என்பது வேறு. மூன்றுக்கும் காரணம் வேறுபடலாம். எத்தனை நேரம் நிற்கிறது? எதைச் செய்தால் வருகிறது? காது இரைகிறதா, கேட்பது குறைந்ததா? என்னென்ன மருந்து எடுக்கிறார்? இவற்றை ஒன்றும் விடாமல் கேட்கப் பழக வேண்டும்.

இரண்டாவது, பிரஷர் பார்ப்பது. படுத்திருக்கும்போது ஒரு தரம், எழுந்து நின்றபின் ஒரு தரம். நின்றதும் மேல் அளவு 20 புள்ளியோ கூடவோ இறங்கினால், சுற்றலுக்குக் காரணம் அதுவாக இருக்கலாம்.

மூன்றாவது, கண்ணைப் படிப்பது. நோயாளியின் தலையை ஒரு பக்கம் 45 பாகை திருப்பி, வேகமாகச் சாய்த்து, தலை கட்டில் விளிம்புக்குச் சற்றுக் கீழே தொங்கும்படி படுக்க வைப்பார்கள். காதுக்கல் இருந்தால் சில விநாடிகளில் கண் துடிக்கும். துடிக்கும் திசையை வைத்து எந்தக் காது, எந்தக் குழாய் என்று சொல்லலாம். மாணவர்கள் கண் அசைவுப் படங்களைப் பார்த்தும், ஒருவரையொருவர் படுக்க வைத்தும், அனுபவமுள்ளவர் பக்கத்தில் நிற்கப் பலமுறை பழகுவார்கள்.

நான்காவது, நடையைப் பார்ப்பது. கண்ணை மூடி நிற்பது, மெத்தைப் பஞ்சின் மேல் நிற்பது, குதிகாலும் விரலும் தொட அடியெடுத்து வைப்பது ஆகியவற்றைச் செய்யச் சொல்வார்கள்.

ஐந்தாவது பாடம்தான் பெரியது. எந்த நோயாளியைத் தொடாமல் உடனே டொக்டரிடம் அனுப்ப வேண்டும் என்பது. மூளையில் வந்த கோளாறைக் காதுக்கல் என்று நினைத்தால் உயிருக்கே மோசம்.

வைத்தியம் எப்படி?

காதுக்கல் என்று உறுதியானால், தலையையும் உடம்பையும் படிப்படியாகத் திருப்பி, ஒவ்வொரு நிலையிலும் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வைத்திருப்பார்கள். பலருக்கு ஒன்றிரண்டு தடவையில் குணமாகிறது. சிலருக்குத் திரும்ப வரலாம், அப்போது திரும்பச் செய்வார்கள்.

காது நரம்பே பலவீனப்பட்டவர்களுக்குப் பயிற்சிதான் வைத்தியம். பெருவிரலை முகத்துக்கு நேரே நீட்டி, பார்வையை அதிலேயே வைத்துக்கொண்டு தலையை மட்டும் இடமும் வலமும் ஆட்டுவது ஒரு பயிற்சி. அமெரிக்க இயன்மருத்துவர் சங்கம் 2016இல் வெளியிட்டு 2022இல் திருத்திய வழிகாட்டி, இதை நாளைக்கு 3 தடவையாவது செய்யச் சொல்கிறது. ஆரம்பத்தில் கொஞ்சம் சுற்றத்தான் செய்யும். மூளை பழகப் பழகக் குறையும். தலைச்சுற்று மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்கினால் இந்தப் பழக்கம் தாமதமாகும். ஆனாலும் டொக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் நிறுத்த வேண்டாம். நோய் இன்னதென்று தெரியாமல் வீட்டில் தலையைத் திருப்பிப் பார்க்கவும் வேண்டாம்.

நாம் செய்ய வேண்டியவை

• எப்போது வந்தது, எத்தனை நேரம் நின்றது, என்ன செய்யும்போது வந்தது என்று பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள்.
• முதலில் தோட்ட டிஸ்பென்சரியில் காட்டிப் பிரஷரும் ரத்தமும் சோதியுங்கள். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால், "பிசியோதெரபிக்கு அனுப்ப ஏலுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கமில்லை.
• சுற்றல் உள்ளவரைச் சில நாள் தட்டையான இடத்தில் வேலைக்கு விடும்படி கணக்கப்பிள்ளையிடம் சொல்லுங்கள். ஏணியிலோ செங்குத்து மலையிலோ ஏற விடாதீர்கள்.
• படுக்கையில் இருந்து சட்டென்று எழும்ப வேண்டாம். கொஞ்சம் உட்கார்ந்து பிறகு எழும்புங்கள். இரவில் வெளியே போக வெளிச்சம் வைத்திருங்கள்.

இவை இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்: பேச்சுக் குழறுதல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் வலுவிழத்தல், எல்லாம் இரண்டாகத் தெரிதல், நிற்கவே முடியாமை, இதுவரை இல்லாத கடும் தலைவலி, நெஞ்சுவலி, நினைவு தப்புதல். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். திடீரென ஒரு காது கேட்காமல் போனாலும் அன்றைக்கே டொக்டரைப் பாருங்கள்.

கூடிப் பேச மூன்று கேள்விகள்

1. சமநிலைக்கு உதவும் மூன்று உறுப்புகள் எவை? பனிமூட்டத்தில் தள்ளாட்டம் ஏன் கூடுகிறது?
2. "சுத்துது", "இருட்டுது", "தள்ளாடுது" என்பவற்றைப் பிரித்துச் சொல்வது வைத்தியருக்கு எப்படி உதவும்?
3. நமது லயத்தில் அடிக்கடி தலை சுற்றும் பெரியவர்கள் யார்? அவர்களை இந்த மாதம் யார் கூட்டிப் போவது?

மூன்றாவது கேள்விக்குப் பெயர் சொல்லிப் பதில் வந்தால், இந்தப் பாடம் படித்ததன் பலன் நமக்குக் கிடைத்துவிடும்.