குடவோலை

பலருள் ஒருவரை ஓரவஞ்சனையின்றித் தெரிந்தெடுக்க வேண்டின், பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்கி எடுத்தல் வழக்கம். ஆர்.கே.பேட்டைப் பள்ளிச் சிறுவரும் விளையாட்டில் இதனைச் செய்வர். அவ்வூர் அடங்கிய தொண்டை மண்டலத்திலேயே, ஆயிரத்து நூறு ஆண்டுகட்கு முன்னர், ஓர் ஊரின் ஆட்சியையே இம்முறையால் அமைத்தனர். அவ்வூர் உத்தரமேரூர். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இதனை விளக்குகின்றன.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுடையோர் பெயர்களைத் தனித்தனி ஓலைகளில் எழுதி, ஒரு கட்டாகக் கட்டிக் குடத்திலிட்டனர். சபையார் அனைவரும் கூடியிருக்க, ஏதுமறியாச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அதன் ஓலைகளை வேறொரு வெறுங்குடத்திலிட்டுக் குலுக்குவர். சிறுவன் மீண்டும் ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுப்பான். அவன் ஐந்து விரல்களையும் விரித்து, உள்ளங்கையில் அதனை ஏற்றுப் பலரறியப் படிப்பான். இவ்வாறு குடும்புக்கு ஒருவராக முப்பதின்மர் அமைவர். அவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியத்திற்கும், பன்னிருவர் தோட்ட வாரியத்திற்கும், அறுவர் ஏரி வாரியத்திற்கும் உரியவராவர்.

இதனைக் கணக்கால் ஆராய்வோம். ஒரு குடும்பின் ஓலைகள் 10 எனக் கொள்வோம். அவற்றுள் ஒருவர் பெயர் வருதற்குரிய நிகழ்தகவு 1/10. அப்பத்தினுள் உடன்பிறந்தார் இருவர் இருப்பின், அவ்விருவருள் ஒருவர் பெயர் வருதற்குரிய நிகழ்தகவு 2/10, அதாவது 1/5. இருவர் பெயரும் வாராமைக்குரியது 4/5. இவ்விரண்டும் கூடி 1 ஆதல் காண்க. ஐந்தே ஓலைகளுடைய மற்றொரு குடும்பிலோ ஒவ்வொருவர்க்கும் உரியது 1/5. எனவே, குடும்புகளுக்குள் சமன்மை இருந்தது. ஆட்களுக்குள் அஃது இருந்தே தீரும் என்பதில்லை.

பத்தில் ஒன்று என்னும் இக்கணக்கு எப்பொழுது மெய்யாகும்? ஒவ்வோர் ஓலையும் சமவாய்ப்புடையதாயின் மட்டுமே மெய்யாகும். எடுப்பவன் எழுத்தறிந்து தேடினும், ஓலைகள் நன்கு கலவாதிருப்பினும், வாங்குவோன் கைக்குள் வேறோர் ஓலையை மறைத்திருப்பினும் கணக்குப் பொய்த்துவிடும். வெறுங்குடமும், குலுக்குதலும், ஏதுமறியாச் சிறுவனும், விரித்த கையும் வெறுஞ்சடங்குகள் அல்ல. நடுவுநிலைமைக்கு இட்ட காவல்களேயாம்.

எனினும், குடத்தில் பெயரிடும் உரிமை எல்லார்க்கும் இருந்ததன்று. முப்பத்தைந்து முதல் எழுபது வரை வயதும், இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் வேண்டப்பட்டன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். இவ்விலக்குப் போற்றத்தக்கதே. ஆயின், நிலமற்ற உழவனுக்கும் குடத்தில் ஓலையில்லை. இடப்படாத ஓலையின் நிகழ்தகவு சுழியம். எத்துணைமுறை குலுக்கினும் அது மாறாது.

இன்று பதினெட்டு வயது நிரம்பிய குடிமக்களுக்கு நிலமும் குலமும் பாராது வாக்குரிமை வழங்கப்படுகிறது. குடத்தினுள் நேர்மை காத்தமையை முன்னோரிடம் கற்போம். குடத்தின் வாயை எல்லார்க்கும் திறந்து வைத்தலை நம் கடமையாகக் கொள்வோம்.