இரத்தச் சீட்டும் இல்லறமும்

நிகாஹ் பேசி முடிந்ததும் மணமக்கள் இருவரும் அரசாங்க கிளினிக்கில் இரத்தம் கொடுத்து, எச்.ஐ.வி. பரிசோதனைச் சீட்டு வாங்கி வருவது இன்று சாதாரண வழக்கமாகிவிட்டது. மலேசியாவில் முஸ்லிம் மணமக்களுக்கு இந்த ஏற்பாட்டை முதன்முதலாகக் கொண்டுவந்தது நமது ஜொகூர் மாநிலமே. 2001-ம் ஆண்டில் இங்கே தொடங்கிப் பின்னர் ஏனைய மாநிலங்களுக்கும் பரவியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தச் சீட்டு ஒரு நாளின் கணக்கை மட்டுமே காட்டுகிறது. கடை திறந்த அன்று ஒருமுறை சரக்கு எண்ணிவிட்டு, பிறகு பேரேட்டைத் திறக்காமலே இருக்கும் வியாபாரி நம்மில் உண்டா?

மணமான பின் ஒரு குடும்பப் பெண்ணுக்கு இந்நோய் எவ்வழியாக வருகிறது? இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-ல் சென்னையிலே கண்டறியப்பட்டது. அதைக் கண்டவர்களுள் ஒருவரான டாக்டர் சுனிதி சாலமன் பின்னர் நிறுவிய நிலையத்துக்கு வந்த, நோய் கண்ட 134 பெண்களின் விவரங்கள் 2000-ம் ஆண்டில் வெளியாயின. அவர்களில் நூற்றுக்கு 81 பேர் இல்லத்தரசிகள். நூற்றுக்கு 88 பேர் ஓர் ஆடவரையன்றி வேறொருவரை அறியாதவர்கள். கற்போடு வீட்டிலிருந்தவர்களைத் தேடி நோய் வீட்டுக்கே வந்திருக்கிறது.

2008-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த ஆராய்ச்சி இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இந்தியாவில் 28,000-க்கு மேற்பட்ட மணமான பெண்களின் விவரத்தை ஆராய்ந்ததில், கணவனிடம் அடியும் பலாத்காரமும் அனுபவித்தவர்களில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ 7 பேருக்கு எச்.ஐ.வி. இருந்தது. அத்தகைய கொடுமைக்கு ஆளாகாதவர்களில் ஆயிரத்துக்கு 2 பேருக்குத்தான் இருந்தது.

அடிக்கும் நோய்க்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். மனைவியை அடிக்கும் கணவனே வெளியிலும் தகாத உறவு கொள்வது அதிகம் என்பது ஆராய்ந்தவர்கள் கண்ட உண்மை. பலாத்காரத்தால் உடலில் ஏற்படும் காயம் நோய்க்கு வாசலாகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிது அச்சம். “நீங்கள் போய்ப் பரிசோதித்துவிட்டு வாருங்கள்” என்று சொல்ல அடிபடும் மனைவிக்கு வாய் வருமா? மேக வியாதிகளில் வெட்டை நோய் போன்றவை பெண்ணிடம் பெரும்பாலும் அடையாளமே காட்டுவதில்லை. உள்ளேயே இருந்து கருக்குழாயைக் கெடுத்துவிடுகின்றன. பிறகு பிள்ளையில்லை என்கிறார்கள், மலடி என்கிறார்கள், அதற்கும் சேர்த்து அடிக்கிறார்கள். நோயைக் கொடுத்தவனே நீதிபதியாகவும் இருக்கும் வழக்கு இது! சிபிலிஸ் என்னும் கிரந்தியோ வயிற்றிலுள்ள சிசுவையும் பற்றும். ஆனால் காலத்தோடு பெனிசிலின் ஊசி போட்டுக்கொண்டால் தாயும் சேயும் தப்பலாம்.

இக்கொடுமைக்கு இடங்கொடுக்கும் காரணங்களை அறிஞர்கள் சொல்லியிருக்கிறார்கள். சிறு வயதில் உம்மா அடிபடுவதைப் பார்த்து வளர்ந்தது, குடியும் போதையும், மனைவியின் போக்குவரத்தையும் பணத்தையும் கண்காணிக்கும் சந்தேக புத்தி, “அடித்தால்தான் அடங்குவாள்” என்ற நினைப்பு இவையெல்லாம் அதில் சேரும். சபர் போய் ஆண்டுக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்திருப்பது நம் வர்க்கத்துக்குப் பழகிய விஷயம். பிரிந்திருப்பது குற்றமல்ல, பிரிந்திருந்தபோது வழி தவறியவன் பரிசோதனை செய்யாமல் ஊர் திரும்புவதே குற்றம். வியாபார நஷ்டமும் ஒரு காரணம் என்பார்கள். எனக்கு அதில் முழுச் சம்மதமில்லை. கடன் கேட்டு வந்த பாங்கிக்காரர் முன்னே கைகட்டி நிற்பவன் வீட்டில் மட்டும் கையை ஓங்குகிறானே, கை அவன் வசத்தில்தானே இருக்கிறது?

நிஸா அத்தியாயத்தின் 34-ம் வசனத்தைத் தடியாகப் பிடித்துக்கொள்வோர் உண்டு. அவ்வசனம் எவர்மீது இறங்கியதோ அந்த நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எந்தப் பெண்ணையும் தம் கரத்தால் அடித்ததில்லை என்று அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்திருப்பது ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது.

சட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1994-ம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். மனைவிக்கு மறுக்க உரிமையுள்ள செயலுக்கு, அது உடலுறவே ஆயினும், பலவந்தமாக இணங்க வைப்பதும் அச்சட்டப்படி வன்முறையே. உடலுறவுக்காக மனைவியைக் காயப்படுத்தும் அல்லது காயத்துக்கு அஞ்சச் செய்யும் கணவனுக்குத் தண்டனைச் சட்டம் 5 ஆண்டுவரை சிறை விதிக்கிறது. ஜொகூரின் 2003-ம் ஆண்டு இஸ்லாமியக் குடும்பச் சட்டத்தில், பஸ்கு கோருவதற்கான காரணங்களைக் கூறும் பிரிவிலே வழக்கமாக அடிப்பதும், தொற்றும் நிலையிலுள்ள மேக வியாதியும் ஒருங்கே இடம்பெற்றிருக்கின்றன.

நம் ஜமாஅத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இத்தகைய வழக்கு வந்தால் கணவனை எதிரில் உட்காரவைத்துக்கொண்டு அப்பெண்ணை விசாரிக்காதீர்கள். விவரமறிந்த ஒரு பெண்மணியைத் தனியாகப் பேசச் சொல்லுங்கள். உடம்புக்கு என்ன என்றும் அவரே கேட்கட்டும். “பொறுத்துப் போ” என்று திருப்பி அனுப்புமுன் இருவரின் பரிசோதனைச் சீட்டையும் கேளுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவில், அடிபட்ட பெண்களுக்கு டாக்டர், போலீஸ், ஆலோசகர் ஆகியோரின் உதவியை ஒரே இடத்தில் தரும் ஏற்பாடு உண்டு. தாலியான் காசே என்னும் உதவித் தொலைபேசியின் எண் 15999. பலாத்காரம் நடந்து 72 மணி நேரத்துக்குள் போனால்தான் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து பயன்படும். வாப்பா ஊரிலிருந்து வரட்டும், வெள்ளிக்கிழமை பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் கடந்துவிடும்.