மாரியப்பன் கற்பிக்கும் பாடம்

நம் சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் 1995ஆம் ஆண்டு பிறந்தவர் மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பள்ளிக்குச் செல்லும் வழியில் பேருந்து ஏறி, அவரது வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. தாயார் சரோஜா காய்கறி விற்றுப் பிள்ளைகளை வளர்த்தார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் அவரை உயரம் தாண்டத் தூண்டினார். 14 வயதில், ஊனமற்ற மாணவரோடு போட்டியிட்டு இரண்டாம் இடம் பெற்றார். பின்னர் சத்தியநாராயணா பயிற்சியளித்தார்.

2016இல் ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். 2021இல் டோக்கியோ தொடக்க விழாவில் தேசியக் கொடி ஏந்தும் பேறு அவருக்கே கிடைத்தது. ஆனால் விமானத்தில் உடன் வந்த ஒருவருக்குக் கொரோனா தொற்று இருந்ததால் அவ்வாய்ப்பை இழந்தார். ஆயினும் சோர்ந்துவிடவில்லை, மழையிலும் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி பெற்றார். 2024இல் பாரிசில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். தொடர்ந்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் இவரே.

உயரம் தாண்டுதலில் தொடர்ந்து மூன்று முறை தவறியவர் வெளியேற வேண்டும். ஆகவே வென்றவரும் பெரும்பாலும் கம்பைத் தட்டிவிட்டே போட்டியை முடிக்கிறார். தவறுவதற்கு நாம் வெட்க வேண்டியதில்லை.

அன்புத் தோழியரே, விளையாட்டு வேளையில் கால் இயலாத தோழியை மரநிழலில் அமர்த்தி, நம் பைகளைப் பார்த்துக்கொள்ளச் சொல்கிறோம். அதை அன்பென்றும் எண்ணுகிறோம். அந்த ஆசிரியரும் அவ்வாறே எண்ணியிருந்தால்? இறைவன் அவளுக்கு அளித்த தாலந்தை நாம் மண்ணில் புதைக்கலாமா? நாளை அவளையும் களத்திற்கு அழைப்போம்.