மக்களும் பள்ளியும் ஒரு சொல்லான கதை

வேதியியல் மாணவனுக்குச் சொல்லாராய்ச்சியில் என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். தனிமங்கள் கூடிச் சேர்மமாகும்போது புதுப் பண்பு பிறக்கிறது, சொற்களும் அப்படியே. சுவீடன் நாட்டின் ‘ஃபோல்க்ஸ்கூலா’ அத்தகைய ஒரு சேர்மம்.

‘ஃபோல்க்’ என்றால் மக்கள். இது ஜெர்மானிய மொழிகளுக்குப் பொதுவான பழஞ்சொல். ‘ஸ்கூலா’ என்றால் பள்ளி. இச்சொல் கிரேக்கத்தில் பிறந்து, இலத்தீன் வழியாக வடக்கே சென்றது. கிரேக்கத்தில் ‘ஸ்கோலே’ என்பதன் முதற்பொருள் என்ன தெரியுமா? ஓய்வு! வயிற்றுக்காக உழைக்க வேண்டாதவர்கள் ஓய்வு நேரத்தில் கூடி உரையாடினர். நாளடைவில் அந்த உரையாடலுக்கும், பின்னர் அது நடந்த இடத்திற்கும் அதுவே பெயராயிற்று.

ஓய்வையே அறியாத உழவரோடும் தொழிலாளரோடும் இச்சொல் கூடியது எவ்வாறு? 1842ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள், மன்னர் பதினான்காம் கார்ல் யோகான் ஆட்சியில் மக்கட்பள்ளிச் சட்டம் பிறந்தது. ஐந்தாண்டுகளுக்குள் ஒவ்வொரு திருச்சபை வட்டத்திலும், தகுதி பெற்ற ஆசிரியருடன் ஒரு பள்ளியேனும் அமைய வேண்டும் என்று அது விதித்தது. நிலையான பள்ளி அமையாத பகுதிகளில் ஆசிரியரே ஊர் ஊராகச் சென்று கற்பித்தார்.

நம் இலக்கணப்படி ‘மக்கட்பள்ளி’ நான்காம் வேற்றுமைத் தொகை. ‘கு’ உருபு மறைந்து நிற்கிறது. மக்களுக்கு என்றால் எந்த மக்களுக்கு? அங்கேதான் சிக்கல். வறிய பிள்ளைகளுக்குக் குறைந்த அளவுப் பாடமே போதும் என்று அச்சட்டம் இடம் விட்டிருந்தது. உயர்கல்விக்கு வழிகாட்டிய ‘லேரோவெர்க்’ என்னும் பள்ளிகளிலோ பெரும்பாலும் வசதி படைத்தோர் வீட்டுப் பிள்ளைகளே பயின்றனர். எல்லாரையும் குறிக்க வேண்டிய ‘மக்கள்’ என்ற சொல் எளியோரை மட்டும் குறிக்கலாயிற்று.

இப்பிளவை நீக்கவே, 1962இல் சுவீடன் நாடாளுமன்றம் எல்லார்க்கும் பொதுவான ஒன்பதாண்டுப் பள்ளியை ஏற்றது. அதன் பெயர் ‘கிருண்ட்ஸ்கூலா’, அதாவது அடித்தளப் பள்ளி. ‘மக்கள்’ என்ற முன்சொல் விலகியது. பள்ளி மக்கள் அனைவர்க்கும் உரியதாயிற்று! வியப்பன்றோ?

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் தந்தையார்க்கு ஓய்வென்பது மழை கொட்டும் நாளில் மட்டுமே. நான் நூலகத்தில் அமர்ந்து இச்சொல்லைத் தேடிய பிற்பகலில் அவர் வயலில் நின்றார். பள்ளி என்ற சொல்லுக்குள் இருக்கும் ஓய்வை எனக்கு ஈட்டித் தந்தவர் அவரே.